இறுதித் தீர்ப்பு யாருக்கு இறுதி?

வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலே சித்திரைப் புத்தாண்டையும் தைப்பொங்கலையும் ஒட்டி நடைபெறும் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கெனத் துண்டுப்பிரசுரங்கள் அச்சிடப்படுவதுண்டு. நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, ஓரணிக்கு எத்தனை பேர் என்ற விபரங்களுக்கெல்லாம் அடியில், எழுத்து எவ்வளவு சிறுத்தாலும் ஒரு வரி மட்டும் தவறுவதில்லை: “நடுவரின் தீர்ப்பே இறுதியானது.” பாடசாலை விளையாட்டுப் போட்டி தொடக்கம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி வரை இவ்வரி மந்திரம்போல் ஓதப்படுகின்றது. மந்திரங்களைப் பற்றி வினா எழுப்புவது மரபன்று. ஆயினும் மரபு மீறிய ஒரு வினாவை இவ்விடத்து எழுப்பவேண்டியுள்ளது. நடுவரின் தீர்ப்பு இறுதியானது என்றால், அது யாருக்கு இறுதி?

இவ்வினாவை நடுவர்மீது தொடுக்கப்படும் கணை எனக் கொள்ளலாகாது. உதைபந்தாட்ட நடுவர் தொழிலைப் போல நன்றி கிட்டாத தொழில் உலகில் வேறொன்று இருப்பது அரிது. இருபத்திரண்டு பேர் ஓடும் களத்தில் அவரும் ஓடவேண்டும், ஓடிக்கொண்டே பார்க்கவேண்டும், பார்த்த கணத்திலேயே தீர்க்கவேண்டும். 1964ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி பெரு நாட்டின் லீமா நகரிலே பெரு - ஆர்ஜென்டீனா ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் ஒரு கோல் மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த குழப்பத்திலும், பொலிசாரின் கண்ணீர்ப்புகையிலும், பூட்டிக் கிடந்த வாயில்களிலும் சிக்கி முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 டிசெம்பரில் துருக்கியின் அங்காராவிலே கழகத் தலைவர் ஒருவர் களத்துள் இறங்கி நடுவரின் முகத்தில் அறைந்தார். அவருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டமை முற்றிலும் நியாயமே. நடுவரின் உடலைத் தொடுபவனுக்கு விளையாட்டில் இடமில்லை என்பதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. நடுவர் பிழைவிடுவதும் குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் உள்ளது. பிழை தெரிந்த பின்னும் அதைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, அப்பிழையால் நொந்து கூவியவனை மட்டும் ஆறுதலாக உட்கார்ந்து நிறுத்துத் தண்டிக்கும் ஒழுங்குமுறையே குற்றமானது.

உதைபந்தாட்டத்தின் ஐந்தாம் விதி, ஆட்டத்தோடு தொடர்புடைய நிகழ்வுகள் பற்றிய நடுவரின் முடிவுகள் இறுதியானவை என்கின்றது. கோல் விழுந்ததா என்பதும் ஆட்டத்தின் பெறுபேறும் இதனுள் அடங்கும். இங்கே கவனிக்கவேண்டியது ‘நிகழ்வுகள்’ என்னும் சொல். நடுவர் கண்டதிற் பிழைக்கலாம். சட்டத்தை அறிந்ததிலும் பிழைக்கலாம். முன்னையது காட்சிப் பிழை, பின்னையது சட்டப் பிழை. காட்சிப் பிழைக்குக் கதவு மூடப்பட்டுள்ளது. சட்டப் பிழைக்கோ அது ஒருமுறையாவது திறந்திருக்கின்றது.

2005 செப்டெம்பர் 3ஆம் திகதி தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரெய்னும் உலகக்கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மோதின. முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்குத் தண்டனை உதை கிடைத்தது. பந்து வலைக்குள் சென்றது. உதைக்கு முன்னரே அந்நாட்டு வீரர் ஒருவர் எல்லைக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி உதையை மீண்டும் எடுக்கச் செய்திருக்க வேண்டும். யப்பானிய நடுவரோ பஹ்ரெய்னுக்கு மறைமுக உதை வழங்கினார். உஸ்பெகிஸ்தான் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றபோதிலும், இழந்த கோலுக்காக முறையிட்டு, ஆட்டத்தை மூன்றுக்குப் பூச்சியம் எனத் தன் பக்கம் எழுதித் தரும்படி கோரியது. பீபா நடுவரின் சட்டப் பிழையை ஒப்புக்கொண்டு ஆட்டத்தையே இரத்துச் செய்து மீண்டும் ஆடுமாறு பணித்தது. மறு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையில் முடிந்தது. பஹ்ரெய்னில் நடந்த அடுத்த ஆட்டத்தில் எவரும் கோல் போடவில்லை. அந்நியக் களத்தில் அடித்த கோலைக் கொண்டு பஹ்ரெய்ன் முன்னேறியது. பாதிக்கப்பட்டவன் முறையிட்டான், முறைப்பாடு ஏற்கப்பட்டது, முறையிட்டவனே வெளியேறினான்! நீதி சில வேளைகளில் இத்தகைய நகைச்சுவைகளையும் நிகழ்த்தும். எனினும் இங்கு முதன்மையானது ஒன்றே: ‘இறுதி’ எனப்பட்ட பெறுபேறு இறுதியாகவில்லை, அதனால் வானம் இடிந்து விழவுமில்லை.

இதனினும் வியப்பானது 1999 பெப்ரவரியில் இலண்டனில் நடந்தது. ஆர்சனலும் ஷெபீல்ட் யுனைட்டெட்டும் மோதிய எப்.ஏ. கிண்ண ஆட்டத்திலே காயமுற்ற வீரருக்காக ஷெபீல்ட் அணி பந்தை வெளியே அடித்தது. வழக்கப்படி அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஆர்சனலுக்காக முதன்முறை களமிறங்கிய நைஜீரிய வீரர் கானு பந்தைப் பற்றிக்கொண்டு ஓட, ஓவர்மார்ஸ் கோல் அடித்தார். எந்த விதியும் மீறப்படவில்லை. நடுவர் கோலை ஏற்றதிலும் பிழையில்லை. அவ்வாறிருந்தும், வென்ற அணியின் பயிற்றுநர் ஆர்சன் வெங்கர் மீண்டும் ஆடத் தாமாகவே முன்வந்தார், சங்கமும் அனுமதித்தது. பத்து நாட்களின் பின் ஆடப்பட்ட ஆட்டத்தையும் ஆர்சனல் அதே கணக்கில் வென்றது. சட்டம் சரியாக இருந்தபோதும் நியாயம் பிறழ்ந்தமை கண்டு ஒரு பெறுபேறு கைவிடப்படலாம் என்பதற்கு இது சான்று.

இவ்விரு முன்னுதாரணங்களையும் மனத்திற் கொண்டே 2023 மார்ச் 3ஆம் திகதி பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நிகழ்ந்ததை நோக்கவேண்டும். இந்தியன் சுப்பர் லீக்கின் வெளியேற்றச் சுற்றில் பெங்களூர் அணியும் கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் கோலின்றி மேலதிக நேரத்துக்குச் சென்றன. தொண்ணூற்றாறாம் நிமிடத்திற் பெங்களூருக்கு ஒரு பிறீ கிக் கிடைத்தது. கேரளப் பந்துக்காப்பாளர் தடுப்புச் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த வேளையில் சுனில் சேத்திரி பந்தை வலைக்குள் மிதக்கவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜோன் அதைக் கோல் என்றார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் கூறியே உதைத்ததாகச் சேத்திரி பின்னர் விளக்கினார். நடுவர் சுவரை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய பின் விசில் ஊதாமல் உதைக்க இடமில்லை என்பது கேரளத்தின் வாதம். விரைவாக எடுக்கும் உதைக்கு விசில் தேவையில்லை, தடுப்போரை நடுவர் அகற்ற முற்பட்டபின் விசில் தேவை என்பது விதியின் சாரம். ஆகவே எழுந்த வினா நுட்பமானது. இரு பக்கத்திலும் நியாயம் பேசக் கூடியது. நிறுத்துப் பார்க்கவேண்டிய வழக்கு.

அது நிறுக்கப்பட்டதா? கேரளத்தின் சேர்பியப் பயிற்றுநர் இவான் வுக்கோமனோவிச் தம் வீரரைக் களத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்றார். நெடுநேரக் காத்திருப்பின் பின் பெங்களூர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தை மீள நடத்தக் கோரிய கேரளத்தின் முறைப்பாடு அரையிறுதிக்கு முன்னரே தள்ளுபடியாயிற்று. மார்ச் 31ஆம் திகதி அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஒழுக்காற்றுக் குழு தீர்ப்பளித்தது: கழகத்துக்கு 4 கோடி இந்திய ரூபா தண்டம், பகிரங்க மன்னிப்புக் கோராவிடின் அது 6 கோடி. பயிற்றுநருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 இலட்சம் தண்டமும். மன்னிப்புக் கோராவிடின் 10 இலட்சம். இரு தரப்பும் மன்னிப்புக் கோரின.

களத்தை விட்டு வெளியேறியது தவறே. பணம் கொடுத்து நுழைந்த இரசிகர்க்கும் எதிரணிக்கும் இழைத்த தீங்கு அது. அதற்குத் தண்டனை வேண்டும். அத்தண்டனையின் அமைப்பே ஆராயற்பாலது. நடுவரை நியமிப்பது சம்மேளனம். ஒழுக்காற்றுக் குழுவை நியமிப்பதும் சம்மேளனம். மேன்முறையீட்டுக் குழுவும் அதனதே. தண்டப்பணம் சென்று சேரும் பெட்டியும் அதனதே. இதற்கு மேல் மன்னிப்புக்கும் விலை குறிக்கப்பட்டது: கழகத்தின் மன்னிப்பு 2 கோடி, பயிற்றுநரின் மன்னிப்பு 5 இலட்சம். விலை குறிக்கப்பட்ட மன்னிப்பு மன்னிப்பன்று, கொள்வனவு. சரணடைவைக் காசாக்கும் இம்முறை எந்த நீதிநூலிலும் காணக்கிடைக்காது. கண்ணிமைப் பொழுதில் தீர்ப்புச் சொன்ன நடுவர் பிழைத்திருப்பின் அவருக்கு மன்னிப்புண்டு. நான்கு வாரம் எடுத்துத் தீர்ப்புச் சொன்னவர்க்கு அச்சலுகை எங்ஙனம் பொருந்தும்?

இவையெல்லாம் கருவியில்லாக் குறையால் வந்தவை, காணொளி உதவி நடுவர் முறை வந்தால் தீர்ந்துவிடும் என்போர் பலர். அவர்க்கு 2023 செப்டெம்பர் 30ஆம் திகதி இலண்டனில் நடந்த டொட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டமே விடை. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நியாயமான கோலைத் துணை நடுவர் ‘ஓஃப்சைட்’ என்றார். திரைக்கு முன்னிருந்தோர் கோல் சரியானது என்றே கண்டனர். ஆயினும் களத்தில் வழங்கப்பட்ட முடிவு கோல் என்று மயங்கி, ‘சரி’ என்று சொல்லிவிட்டனர். சில விநாடிகளில் மயக்கம் தெளிந்தது. ஆட்டத்தை நிறுத்தும்படி அவ்வறையிலேயே ஒருவர் மன்றாடினார். ஆனால் ஆட்டம் மீளத் தொடங்கிவிட்டது, இனி எதுவும் செய்யமுடியாது என்பதே பொறுப்பாளரின் விடையாயிற்று. லிவர்பூல் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றது. பின்னர் பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. உரையாடலின் ஒலிப்பதிவும் வெளியிடப்பட்டது. இங்கு கருவி பார்த்தது, மனிதரும் பார்த்தனர், உண்மை அவ்வறைக்குள்ளேயே இருந்தது. குறுக்கே நின்றது ‘இறுதி’ என்ற கோட்பாடு மட்டுமே. கருவியை மாற்றிவிட்டு மனப்பான்மையைப் பழையபடியே வைத்திருந்தால் வேறென்ன நிகழும்?

களத்தை விட்டு அறைக்குள் நுழைந்தால் நிலை இன்னும் மோசம். 2025 நவம்பர் 13ஆம் திகதி டப்ளினில் அயர்லாந்துக்கெதிரான ஆட்டத்திலே போர்த்துக்கல்லின் கிறிஸ்டியானோ ரொனால்டோ எதிரணி வீரரை முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டை பெற்றார். தம் நாட்டுக்காக ஆடிய 226 ஆட்டங்களில் அவர் பெற்ற முதற் சிவப்பு அட்டை அது. முழங்கையால் தாக்குவதற்குப் பீபாவின் ஒழுக்காற்றுக் கோவை குறைந்தது மூன்று ஆட்டத் தடை கூறுகின்றது. குழுவும் மூன்று ஆட்டமே விதித்தது. ஆனால் அவற்றுள் இரண்டை ஓராண்டு நன்னடத்தைக் காலத்துக்கு ஒத்திவைத்தது. மீதி ஒன்று ஆர்மேனியாவுக்கெதிரான ஆட்டத்திலேயே கழிந்துபோயிருந்தது. இவ்வாறு 2026 உலகக்கிண்ணத்தை முதலாட்டத்திலிருந்தே ஆடும் வழி அவருக்குத் திறந்தது. ஒத்திவைக்கும் அதிகாரம் கோவையில் உண்டு. குழு சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்யவில்லை. நீண்ட நன்னடத்தைக்கு மதிப்பளிப்பதும் தவறன்று. ஆயினும் அதே முழங்கை ஒரு சிறிய நாட்டின் பெயர் தெரியாத பின்கள வீரனுடையதாக இருந்திருப்பின், சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் விற்கவியலாத முகமாக அது இருந்திருப்பின், அக்கோவையின் அப்பக்கம் புரட்டப்பட்டிருக்குமா? திருவள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திலே துலாக்கோலை உவமையாக்கியமைக்குக் காரணம் உண்டு. துலாக்கோல் தட்டில் வைக்கப்பட்டது யாருடையது என்று கேட்பதில்லை.

தனி வீரனை விட்டு நாடுகளை நோக்கினாலும் இதுவே. 2022 ஓகஸ்டில் இந்தியச் சம்மேளனத்தைப் பீபா தடைசெய்தது. பதினொரு நாளில் தடை நீங்கியது. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. தடை நீங்கும்போது ஓகஸ்ட் மாத முடிவு. இரு வழக்கும் ஒன்றல்ல. நிர்வாகச் சிக்கலை விரைந்து அவிழ்த்தோர், அவிழ்க்காதோர் என்ற வேறுபாடுண்டு. இந்தியாவில் அவ்வாண்டு பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக்கிண்ணம் நடைபெறவிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆனால் பதினொரு நாளாயினும் ஏழு மாதமாயினும் தண்டனையைச் சுமந்தோர் யார்? தாஷ்கண்ட் வரை சென்றிறங்கிய கோகுலம் கேரளப் பெண்கள் ஆசியக் கழகப் போட்டியில் ஆடாமலே திரும்பினர். 2023 தெற்காசியக் கிண்ணம் அதே கண்டீரவா மைதானத்தில் நடந்தபோது இலங்கை அணி அங்கில்லை. தேர்தல் யாப்பும் அமைச்சின் ஒழுங்குவிதியும் பற்றி நாற்காலிக்காரர் பிணங்கினர். பூட்ஸ் கட்டியோர் வீட்டிலிருந்தனர்.

இவற்றுக்கு மாறான ஒரு வரலாறும் உண்டு. அது உதைபந்தாட்டத்தில் அன்று, கிரிக்கெட்டில், மலையகத்தோடு நெருங்கியது. 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை மூன்று ஓவர்களுள் ஏழு முறை எறிபந்தென அறிவித்தார். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் ஒருவரின் பேரனின் கையை உலகமே உற்றுநோக்கியது. 1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் அவ்வாறே அறிவிக்க, தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார். வுக்கோமனோவிச் செய்ததும் அண்ணளவாக அதுவே. ரணதுங்க வாதாடித் திரும்பினார், ஆட்டம் தொடர்ந்தது, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. அவருக்கு ஆட்டச் சம்பளத்தில் 75 வீதம் தண்டமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் கிடைத்தன. அத்தோடு நிற்கவில்லை. முரளிதரனின் கை ஆய்வுகூடங்களிலே அளக்கப்பட்டது. பிறருடைய கைகளும் அளக்கப்பட்டன. வெறுங்கண்ணுக்கு நேராகத் தெரிந்த பல கைகளும் ஓரளவு வளைந்து நிமிர்வது புலனாயிற்று. 2005இல் பதினைந்து பாகை வரை நிமிரலாம் என்று விதியே திருத்தப்பட்டது. 2010 ஜூலையில் காலியில் அவர் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்றார். நடுவரின் தீர்ப்பே இறுதி என்று 1995ஆம் ஆண்டோடு கோவை மூடப்பட்டிருந்தால் இவ்வரலாறு இல்லை. அன்று நடுவர் கண்டதைச் சொன்னார். கண்டது சரிதானா என்று பிறகு அளக்க ஓர் இடமிருந்தது.

அத்தகைய இடமில்லாமற் போவதன் பொருளை மலையகத்தார்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்குச் செல்லலாம், முறையிடுபவர் துரை. கடனைக் குறித்த துண்டைக் காட்டாமல் வேறு தோட்டத்திற் பெயர் பதிய இயலாது. துண்டை எழுதுவதும் அதே தோட்டம். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் கொழுந்து மடுவத்துத் தராசு இன்னும் தொங்குகின்றது. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோ எவ்வளவு என்பதை முடிவுசெய்பவர் தராசுக்கு அப்பாலிருப்பவர். கழிவுக்குப் பின் குறித்த நிறை எட்டாவிடின் அரைப்பேர். அங்கே குரல் உயர்த்துபவள் ‘ஒழுங்கீனம்’ என்னும் சொல்லைக் கேட்கவேண்டிவரும். அத்தாயின் மகன் மாலையில் மைதானத்துக்கு இறங்கும்போது ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்ற வரியைப் படிக்கின்றான். விளையாட்டு அவனுக்குக் கட்டுப்பாட்டைக் கற்பிக்கின்றது என்று பரிசளிப்பு மேடைகளில் பேசப்படுகின்றது. எத்தகைய கட்டுப்பாட்டை?

இறுதி என்று ஒன்றில்லாவிட்டால் ஆட்டமே முடியாது, ஒவ்வொரு எறிதலுக்கும் வழக்காடிக்கொண்டிருப்பர் என்பது எதிர்த்தரப்பின் வலிய வாதம். அது ஓரளவு உண்மை. விசில் ஊதிய கணத்தில் ஆட்டம் அதற்குப் பணியவேண்டும். களத்தில் வாக்குவாதத்துக்கு இடமளிக்க முடியாது. ஆனால் களத்திற் பணிவதும் பிறகு முறையிடுவதும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. பின்னையது உறுதியாக இருந்தால்தான் முன்னையது இயலும். கேட்கச் செவியுண்டு என்று அறிந்தவன் நடுவரின் சட்டையைப் பற்றுவதில்லை. தமிழ் மன்ற மலரொன்றிற் சிலம்பு ஒலிக்காமற் போகாதென்பர், ஒலிக்கட்டும். விசாரியாது தண்டித்த பாண்டியன், தலைவிரி கோலமாய் வந்தவளை வாயிலில் தடுக்கவில்லை. பரலை உடைத்துக் காட்ட இடமளித்தான். பீபாவின் வாயிற்காவலர் அதனையேனும் பயின்றிருக்கலாம்.

சூரிச்சையும் லோசானையும் மாற்றுவது வலப்பனையிலிருந்து ஆகாது. லோசானில் விளையாட்டுக்கான நடுத்தீர்ப்பு மன்றம் இருக்கின்றது. அங்கு செல்லக் கோடிகள் வேண்டும். ஆனால் தோட்டப் போட்டியின் துண்டுப்பிரசுரம் எவருடைய அனுமதிக்கும் காத்திருப்பதன்று. இறுதித் தீர்ப்பைக் கூறும் வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிக்கு இடமுண்டு. முறைப்பாட்டை ஆட்டம் முடிந்த மறுநாள் மாலைவரை கட்டணமின்றி எழுத்திற் கொடுக்கலாம் என்பது ஒன்று. அதனை எந்த அணியோடும், போட்டி நடத்தும் கழகத்தோடும் தொடர்பில்லாத மூவர் விசாரிப்பர் என்பது மற்றொன்று. எக்குற்றத்துக்கு எத்தனை ஆட்டத் தடை என்பதை முன்கூட்டியே அறிவித்து, தீர்ப்பைக் காரணத்தோடு மைதானத்துப் பலகையில் ஒட்டுவர் என்பது மூன்றாவது. நடுவருக்கும் அம்மூவர் முன் தம் விளக்கத்தைக் கூறும் உரிமை இருக்கட்டும்; கூட்டத்தின் வசையை விட அது அவருக்கு மேலான பாதுகாப்பு. அடுத்த சித்திரைப் போட்டிக்கான துண்டுப்பிரசுரம் அச்சகத்துக்குச் செல்லுமுன் இதனைச் சேர்த்துவிட நேரமுண்டு.